பண்ணைக் கணக்கில் மணிக் கணக்கும் உண்டு

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் பேசியது)



பொங்கல் முடிந்து நவரை நடவு நடந்துகொண்டிருக்கிற சமயம் இது. ஆகவே குருத்துப் பூச்சியைப் பற்றியோ, மேலுரம் இடுகிற காலத்தைப் பற்றியோ இன்று நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அவையும் அவசியந்தான். ஆனால் இருபது வருஷ காலமாக அதையே பேசிவருகிற நான், முக்கியமான ஒரு இடுபொருளைப் பற்றி இதுவரை வாயைத் திறக்கவில்லை என்பது சில வருஷங்களுக்கு முன்தான் எனக்கு உறைத்தது. விதைக்குக் கணக்கு, உரத்துக்குக் கணக்கு, ஆள் கூலிக்குக் கணக்கு என்று உங்களுக்கு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லிக் கொடுத்தோம். வீட்டு மனிதர்களின் நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் குடியிருப்பது குமணன்சாவடியில். பூந்தமல்லிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் மெயின் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். ஒரு பக்கம் பால் வண்டி போகும். ஒரு பக்கம் கோயம்பேட்டுக்குக் கீரைக் கட்டும் பூ மூட்டையும் ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ போகும். மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்களின் அடியில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் நிற்பார்கள். ராத்திரி ஷிப்டு முடித்துத் திரும்புகிற இன்னொரு கூட்டம் அதே இடத்தில் இறங்கும். போகிற பிள்ளையும் வருகிற பிள்ளையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாகக்கூட இருக்கும். முகத்துக்கு முகம் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற இடம் என்று நமக்கெல்லாம் தெரியும். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து இரண்டு சாவடி எங்கள் ரோட்டில் இருக்கின்றன. இளைப்பாறத்தான் ஆளைக் காணோம்.

கொஞ்ச காலமாக இந்த வேலை நேரத்தைப் பற்றிப் பெரிய இடங்களிலும் பேச்சு அடிபடுகிறது. 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி கம்பெனியின் தலைவர் எஸ். என். சுப்ரமணியன் அதற்கும் மேலே போய் 90 மணி என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரந்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ற தோரணையில் அவர் கேட்டது நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்தக் கம்பெனியின் கட்டுமானப் பிரிவு அலுவலகம் எங்கள் மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டில், மணப்பாக்கத்தில்தான் இருக்கிறது.

இதை நான் ஒரு கிராமத்தில் பால் சொசைட்டித் திண்ணையில் சொன்னபோது, அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "தொண்ணூறு மணியா? அது நம்ம அரை ஆளு வேலையாச்சே சார்" என்றார் ஒருவர். அரை ஆள் என்றது மிகைதான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வாரம் 90 மணி என்பது நாளைக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே. காலை நாலு மணிக்குக் கொட்டகையில் கால் வைத்து, ராத்திரி எட்டு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிற குடியானவனுக்கு அது தினசரி வழக்கம். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல இது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைக்கிறவர்களைவிட பக்கவாதம் வருகிற வாய்ப்பு 35 சதம் அதிகம். இருதய நோயால் சாகிற வாய்ப்பு 17 சதம் அதிகம். 2016 ஒரு வருஷத்தில் மட்டும், நீண்ட நேர வேலை காரணமாக உலகம் முழுக்க இந்த இரண்டு வியாதிகளில் இறந்தவர்கள் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நமது கிராமங்களில் ஐம்பது வயதுக்காரர் கழனியில் சாய்ந்துவிட்டால் "காத்து கருப்பு" என்றோ "விதி" என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் அதற்கு முந்திய பத்து வருஷம் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். போரூருக்கு அருகே துள்ளம் என்ற சிற்றூரில், இன்றைக்குத் தண்டலம் என்கிறோம், 1883-ல் பிறந்தவர் திரு.வி.க. தமிழ்த் தென்றல் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பி. பி. வாடியாவோடு முன்னின்றவர் அவர். பெரம்பூரில் பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் அந்தச் சங்கத்தில் சேர்ந்து முதல் முதலாகக் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தைச் சற்று நீட்டிக் கொடுங்கள் என்பது. கூலி உயர்வும் அவர்களுக்கு வேண்டியிருந்தது, ஆனாலும் உட்கார்ந்து நிதானமாகச் சோறு தின்கிற பத்து நிமிஷத்துக்காக வாய் திறந்தார்கள் பாருங்கள். அதே 1918-லேதான் திரு.வி.க. தம் மனைவி கமலாம்பிகையைப் பறிகொடுத்தார். ஆறே வருஷக் குடித்தனம். பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1927-ல் அவர் வெளியிட்ட பெண்ணின் பெருமை என்ற நூல் இல்வாழ்க்கையைப் பற்றியது. வாழ்க்கைத் துணை என்று அதற்கு இன்னொரு பெயரும் வைத்தார். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதர் வீட்டைப் பற்றி அவ்வளவு பெரிய புத்தகம் எழுத உட்கார்ந்தாரே என்று நான் பலமுறை நினைத்துக்கொள்வேன்.

பிறகு 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம். சுதந்திரம் வந்து 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 48 மணி, நாளைக்கு 9 மணி, அதற்கு மேலே வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று எழுதி வைத்தார்கள். அந்த முதல் மே தினத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற திருத்த மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் தகவல் வந்த அன்றைக்குக் குமணன்சாவடி டீக்கடையில் கம்பெனிப் பிள்ளைகள் பேசிக்கொண்ட சந்தோஷத்தை நான் நேரில் கேட்டேன்.

ஆனால் விவசாயப் பெருமக்களே, அந்தச் சட்டமெல்லாம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. கழனிக்குச் சங்கு ஊதுகிறவர் யாரும் இல்லை. நமக்கு நாமே முதலாளி என்கிறோம். அந்த முதலாளி லீவு கொடுக்க மாட்டேன் என்கிறான்!

முன்பு இப்படி இல்லை. என் அப்பா காலத்தில், அமாவாசை அன்று ஏர் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கு ஓய்வு நாள். மாட்டுக்கு ஓய்வு என்றால் உழுகிறவனுக்கும் ஓய்வுதானே. அன்றைக்கு அப்பா கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டு திண்ணையில் இருப்பார். தலை முழுகிவிட்டுப் படையல் போட்டு, எல்லோருமாக இலை போட்டுச் சாப்பிடுவோம். மாதத்தில் ஒரு நாள் அப்பா வெளிச்சத்தில் எப்படி இருப்பார் என்று நான் பார்த்தது அந்த நாளில்தான். மற்ற நாளில் எங்களுக்கு மல்லித் தோட்டம். மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மார்ச்சு மாதம் பிடித்தால் ஜூன் வரைக்கும் மூன்று மணிக்கே அம்மாவும் அப்பாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டிராக்டர் வந்த பிறகு அமாவாசையும் போயிற்று. டிராக்டர்காரர் அமாவாசை பார்த்தால் அவருக்கு வாடகை எப்படிக் கட்டும்? குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இனி, இந்தப் பேச்சுக்கே காரணமான வீட்டுக்கு வருகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. நல்ல உழைப்பாளி. ஒருங்கிணைந்த பண்ணையம் என்று 2016-ல் நாங்கள் தீவிரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவரைப் பிடித்துப் பேசினவன் நான்தான். "அண்ணே, ரெண்டு மாட்டுக்குப் படுற பாட்டுக்கு நாலா வெச்சுக்கிட்டா என்ன?" என்றேன். நாலு ஆயிற்று. பாங்கில் கடன் வாங்கிக் கொடுக்கவும் கூட நின்றேன். 2019-ல் ஒன்பது மாடு. முன்னோடி விவசாயி என்று பக்கத்துக் கிராமத்துக்காரர்களை வேனில் கூட்டிக்கொண்டுபோய் அவர் கொட்டகையைக் காட்டினேன். மாடி வீடும் எழும்பிற்று.

அந்த வீட்டில் ஆறு பேர். அவர், அவர் சம்சாரம், எழுபது தாண்டிய தாயார், மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரப் பிள்ளை. மகனுக்குக் கம்பெனியில் மூன்று ஷிப்டு மாறி மாறி வரும். மருமகளுக்கு வேறொரு கம்பெனியில் காலை ஷிப்டு. புருஷனும் பெண்டாட்டியும் காலை மூன்றரைக்கு எழுந்தால் சாணி அள்ளி, கழுவி, பீச்சி, சொசைட்டிக்கு ஊற்றி, புல் அறுக்கப் போய், வந்து மறுபடியும் மத்தியானம் கறவை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சோறு வடிப்பது, கன்றுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் அந்தக் கிழவி. ஆறு பேரும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டால், பொங்கலுக்கு என்பார்கள். அதிலும் மகனுக்கு லீவு கிடைத்திருந்தால்.

2022-ல் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். ஒரு மாடு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கோமாரியாக இருக்குமோ என்று சந்தேகம். உடனே உட்கார்ந்து குளம்பு இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். புண் இருந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவரும் வந்து ஊசி போட்டார். எல்லோருக்கும் நிம்மதி. அந்த நேரம் முழுக்க, நாலடி தள்ளி, கொட்டகைத் தூணில் சாய்ந்து பாட்டி உட்கார்ந்திருந்தார். காலில் ஒரு பழந்துணியைச் சுற்றியிருந்தார். நான் பார்த்தேன். ஆனால் பார்க்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அது உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும். முள் தைத்தாலும் கண்ணாடி கிழித்தாலும் வலி தெரியாது. வலியில்லாததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் யார் நின்றார்கள்? பத்து நாள் கழித்து வாடை வந்த பிறகுதான் மருமகள் துணியை அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாட்டுக் குளம்பை விரித்துப் பார்த்த எனக்கு, மனுஷி காலைப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதை எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், தினமும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது, இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களால் குனிந்து பார்த்துக்கொள்ள முடியாது. சிறு கொப்புளம், நிறம் மாறின இடம், வெடிப்பு எதுவானாலும் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அந்த வீட்டில் அந்த இரண்டு நிமிஷந்தான் இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் அவரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதை இன்றைய விலைவாசிக்குத் தோராயமாக மாற்றிச் சொல்கிறேன். ஒன்பது மாட்டில் எப்போதும் ஆறு கறவையில் இருக்கும். சராசரி ஒன்பது லிட்டர் வீதம் 54 லிட்டர். லிட்டர் 38 ரூபாய் என்று வைத்தால் 2,052 ரூபாய். அடர் தீவனம் 28 கிலோ, கிலோ 30 வீதம் 840. விலைக்கு வாங்குகிற வைக்கோல், பசும்புல் 260. வைத்தியம், தாது உப்பு, கரண்டு, சில்லறை 100. கடன் தவணை நாள் ஒன்றுக்கு 300. ஆக 1,500 போனால் கையில் நிற்பது சுமார் 550 ரூபாய். இதற்கு அந்த வீட்டு மனிதர்கள் மூன்று பேருமாகக் கொட்டின நேரம் நாளைக்குப் பதினாறு மணி.

"சரி, நல்ல மாடு நாலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தை விற்றுக் கடனை அடைத்தால்?" என்று கேட்டேன். மூன்று கறவையில் இருக்கும். கவனிப்பு கூடுவதால் பத்து லிட்டர் வீதம் 30 லிட்டர், 1,140 ரூபாய். தீவனம் 15 கிலோ 450, வைக்கோல் வகையறா 190, சில்லறைச் செலவு 80. தவணை கிடையாது. நிற்பது 420. நேரம் ஏழு மணி.

அதாவது நாளைக்கு 130 ரூபாய் குறையும். மாதத்துக்கு ஏறக்குறைய நாலாயிரம். குறைவுதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாலாயிரம் ரூபாய் அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் அந்த 130 ரூபாய்க்காகக் கொடுத்தது ஒன்பது மணி நேரம். மணிக்குப் பதினைந்து ரூபாய்கூட விழவில்லை. களை எடுக்க வருகிற ஆளுக்கு அந்தக் கூலியைச் சொன்னால் வரப்பில்கூட நிற்க மாட்டார்கள்! ஆனால் தன் தாயாரையும் சம்சாரத்தையும் அந்தக் கூலிக்கு அவர் வைத்திருந்தார். நான் வைக்கச் சொல்லியிருந்தேன்.

எல்லோரும் மாட்டை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு எட்டு மாடும் கட்டும், ஆள் வைத்துச் செய்வார்கள். உங்கள் பண்ணையில் எந்த மணி நேரம் காசு கொடுக்கிறது, எந்த மணி நேரம் சும்மா பழக்கத்துக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள். யார், எந்த வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும். பெண்கள் வேலையையும் எழுதுங்கள். அதை அவர்களே எழுதட்டும். நீங்கள் எழுதினால் பாதி விட்டுப்போகும். நான் என் வீட்டில் எழுதிப் பார்த்து, அடி வாங்காத குறை.

எழுதிப் பார்த்தவர்கள் அநேகமாக முதலில் கண்டுபிடிப்பது புல். ஏரிக்கரை, வரப்பு என்று அலைந்து அறுத்துக்கொண்டு வருவதற்கே இரண்டு மூன்று மணி நேரம் போகிறது. கொட்டகைக்குப் பக்கத்திலேயே, கழுவின தண்ணீர் பாய்கிற இடத்தில், இருபது சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4 அல்லது கோ-5, கரணை ஊன்றிவிட்டால் எழுபத்தைந்து எண்பது நாளில் முதல் அறுப்பு. பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். சிறிய புல் நறுக்கும் மெஷினும் இருந்தால் வீணாவதும் குறையும். அந்த வீட்டில் இதைத்தான் முதலில் செய்தோம். ஒன்பது மாடு இருந்தபோதே செய்திருக்க வேண்டும்.

அடுத்தது மோட்டார். தண்ணீர் பாய்ச்ச ராத்திரி எழுந்து போவது எத்தனை பேர்! பாம்புக் கடியும் கரண்டு ஷாக்கும் அந்த நேரத்தில்தான். செல்போனிலிருந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் கருவி வந்து பல வருஷம் ஆயிற்று. வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக இதற்கு மானியம் கொடுத்துவந்திருக்கிறார்கள். இப்போதைய நிலவரத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொட்டு நீருக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு நூறு சத மானியம் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மிச்சம், களை குறைவு என்றுதான் அதை நாங்கள் விளம்பரம் செய்தோம். மடை திருப்ப மண்வெட்டியோடு நிற்கிற மூன்று மணி நேரம் மிச்சம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம்.

மல்லித் தோட்டக்காரர்களுக்கு மட்டும் என்னிடம் சுலபமான மருந்து கிடையாது. மொட்டு பறிக்க இன்றுவரை விரல்தான். ஆனால் நவம்பர் கடைசியில் தோட்டம் முழுவதையும் ஒரே வாரத்தில் கவாத்து செய்யாமல், இரண்டு பாகமாகப் பிரித்து இருபது நாள் இடைவெளி விட்டுச் செய்தால், மொட்டும் ஒரே சமயத்தில் வந்து குவியாது. வீட்டு ஆட்களே சமாளிக்கலாம், விலையும் ஒரேயடியாக விழுகிற நாளில் எல்லாமும் மாட்டிக்கொள்ளாது. பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் பறித்துக் கொடுப்பது, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் பறித்துக் கொடுப்பது என்கிற பழைய கைமாற்று வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவரலாம். எங்கள் அம்மா காலத்தில் அது இருந்தது.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நிலத்தை விற்றுக் கையில் காசு பார்த்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தது. டி.வி.க்கும் கோர்ட்டுக்கும் போயிற்று. ஆகவே நேரம் கிடைத்தால் மட்டும் குடும்பம் கூடிவிடும் என்று நான் நம்புகிறவன் இல்லை. கூடுவதற்கு ஒரு வேளை குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் ராத்திரி எட்டு மணி என்று வைத்தார்கள். மகனுக்கு இரண்டாம் ஷிப்டு வருகிற வாரத்தில் அவன் இருக்க மாட்டான். அந்த வாரம் மட்டும் காலைப் பலகாரம் எட்டு மணிக்குச் சேர்ந்து. சக்கர நாற்காலியைத் திண்ணைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பாட்டிக்கும் அங்கேயே தட்டு. சாப்பிட்டு முடித்ததும் பேரன் டார்ச்சு லைட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் இன்னொரு காலைப் பார்ப்பான். ஒவ்வொரு விரலாக எண்ணி "அஞ்சும் இருக்குது" என்பான். டாக்டர் கற்றுக்கொடுத்த வேலை அது. 2024 ஆடி மாதம் பாட்டி காலமாகிற வரைக்கும் ஒரு நாள்கூட விடாமல் செய்தான் என்றார் அவர்.

என்னைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. இந்தப் பேச்சை நான் எழுதினதே ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில். "எதைப் பத்தி எழுதறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னேன். ஒன்றும் பேசாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்கள். மீதியை மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். அதுவும் தப்புத்தான், பெரம்பூர்த் தொழிலாளர்கள் கேட்டு வாங்கின வேளை அது.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நவரைக்கு நாற்று விட்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மெதுவாக ஆரம்பித்தார். "சார், அந்த நாலாயிரம் இடிக்கத்தான் செய்யுது. வூட்டு லோனு இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போயிடுச்சு. ஒரே ஒரு மாடு, அஞ்சாவதா, கட்டலாமான்னு பார்க்குறேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

முன்பாக இருந்தால் கடன் மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது நோட்டை எடுக்கச் சொன்னேன். அஞ்சாவது மாட்டுக்குப் புல் இருக்கிறதா, இருக்கிறது. தீவனச் செலவு போக என்ன நிற்கும், கணக்குப் போட்டோம். காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், யார் எழுவது என்ற இடத்துக்கு வந்தபோது அவர் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரத்தின் குரல் மட்டும் வந்தது: "கட்டட்டும் சார், நான் வேணாங்கல. ஆனா அந்த மாட்டை அவருதான் பீச்சணும், எட்டு மணி சோத்துக்கும் வந்துடணும்னு எழுதிக்கச் சொல்லுங்க!"

எழுதிக்கொண்டோம். மாடு இன்னும் வாங்கவில்லை. அடுத்த பேச்சில் நவரை நெல்லில் குருத்துப் பூச்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பார்ப்போம்.